கீழே உட்காருகிறவள்

ஜெஸிந்தா சாலையைக் கடந்து லாட்ஜுக்குள் போய்விட்டாள். இனி அவள் இறங்கி வரும்வரை இந்தப் பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. ஒருத்தி மேலே போனால் இன்னொருத்தி கீழே உட்கார வேண்டும், தொழிலில் இருக்கிற நாங்கள் எங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது. மேலே போகிறவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் எந்த வாசலுக்குள் போனாள் என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆளாவது இருக்க வேண்டும் அல்லவா. என் மடியில் ஒரு எக்ஸ்ரே கவர் இருக்கிறது, காலடியில் வெந்நீர் பிளாஸ்க். பக்கத்தில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே கவரோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணை ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று மதுரையில் யாரும் கேட்பதில்லை, போலீஸ்காரர்கூட ஒரு முறை பாவமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். கவருக்குள் இருப்பது என் வீட்டுக்காரரின் கால். பைக்கிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட கால், எலும்பு கூடிய பிறகு அந்தக் காலால்தான் அவர் வீட்டைவிட்டு நடந்து போனார். காலையில் பேருந்தில் வரும்போது ஜெஸிந்தா சொன்னாள், "அக்கா, அத வெயில்ல வைக்காத, மாமா எலும்பு கருத்துரப் போகுது." நான் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டிருப்பாள். பிறகு அவளே குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு மேலூர்க்காரர்தான்க்கா. உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள். எனக்கென்ன என்றேன். "நீ உடம்பு முடியலன்னு வேலைக்குப் போகாம இருக்கேல்ல, அதான் எனக்குப் போன் பண்ணிருக்காரு." எனக்கென்னடி என்று இன்னொரு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லியிருக்கக் கூடாது. ஒரு முறை சொன்னால் அது பதில், இரண்டு முறை சொன்னால் வேறு ஏதோ.

வருகிறவர்களின் பெயரை நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. வந்த ஊரைச் சொல்வோம், அல்லது சட்டையை, வண்டியை. மேலூர்க்காரர் என்றால் உரக்கடை வைத்திருக்கிற மேலூர்க்காரர். அவர் பெயர் கருணாகரன் என்பது எனக்கு மட்டும் தெரியும், மட்டும் என்று இன்று காலைவரை நினைத்திருந்தேன். எங்கள் பெயரும் அப்படித்தான். எல்லோருக்கும் நான் ஷீலா, என் பெயர் அங்கயற்கண்ணி என்று நான் சொன்ன ஒரே ஆண் அவர். அவர் அதை இரண்டு மூன்று முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்ப்பதுபோல. பேர் சொல்லாதீங்க, முகவரி சொல்லாதீங்க, பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்தைச் சொல்லாதீங்க என்று எங்கள் சங்கத்துக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு நான்தான் சொல்லித் தருவேன், ஆணுறை போடுவதையும் மரக்கட்டையை வைத்துக்கொண்டு நான்தான் காட்டுவேன். எவ்வளவு குடித்திருந்தாலும், எவ்வளவு கெஞ்சினாலும், கூடுதலாகத் தருகிறேன் என்றாலும், உறை இல்லாமல் கிடையாது. அதைச் சொல்லும்போது என் குரல் நன்றாகவே இருக்கும். மேலூர்க்காரர் எதையும் கெஞ்சிக் கேட்டவரில்லை. அதுதான். கெஞ்சியிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன், அது பழகிய வார்த்தை. அவர் நுங்கு வாங்கி வந்திருந்தார், தோல் ஒட்டாமல் ஒவ்வொன்றாக உரித்து, கட்டி வந்த ஓலையிலேயே வைத்து என் பக்கம் நகர்த்தினார், தான் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் நானே உறையை எடுத்துப் பைக்குள் திரும்பப் போட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, வேண்டும் என்று சொல்லவும் இல்லை. மற்றவர்களுக்கு இல்லாத ஒன்றை இவருக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, என்னிடம் கொடுப்பதற்கு வேறு என்ன இருக்கிறது.

"யாருக்கு ஆத்தா முடியல?" பக்கத்தில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்திருக்கிறார். கையில் கஞ்சித் தூக்கு, இடுப்பில் சொருகிய ஆஸ்பத்திரி அட்டை. தங்கச்சிக்கு என்கிறேன். இந்தக் கேள்விக்கு எப்போதும் சொல்கிற பதில், மேலே இருப்பவள் என்னைவிடச் சின்னவளாக இருந்தால் தங்கச்சி, பெரியவளாக இருந்தால் மதினி. "என்ன செய்யுது?" வயிற்றில் என்கிறேன். "ஆத்தி, கட்டியா?" தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறேன். "எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கட்டிதான். ஆனா அவுகளுக்குத் தெரியாது. அல்சருன்னு சொல்லி வச்சிருக்கோம்." அந்த அம்மாள் தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிறார். "தெரியாதுன்னு நாமதான் நெனச்சுக்கிட்டு இருக்கோம். நேத்து என்னைய கூப்பிட்டு, நீ அழுகிறதுன்னா வெளிய போயி அழுதுட்டு வா, எனக்கு அல்சருங்கிறாக." சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார், கண்ணைத் துடைக்கிறார். "சொல்லிறணுமா, சொல்லாம விட்றணுமா, நீயே சொல்லு ஆத்தா." நான் எக்ஸ்ரே கவரைத் தடவிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் கேட்காதீர்கள் அம்மா. நீங்கள் பாசத்தினால் சொல்லாமல் இருக்கிறீர்கள். நான் எதனால் சொல்லாமல் இருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தால் சொல்கிறேன்.

போன வாரம் அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் வழக்கமான பரிசோதனைக்குப் போனேன். இரத்தத்தில் சிபிலிஸ் இருக்கிறது என்று ஆலோசகர் மேடம் சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை, கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். ஊசி போட்டால் சரியாகிவிடும், ஆனால் யாரிடமிருந்து வந்ததோ அவரும் போட்டுக்கொள்ள வேண்டும், அவரோடு இருக்கிற மற்றவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வரும் என்றார். "யாருன்னு நான் கேக்க மாட்டேன். உங்க பேரும் இந்த ரூமத் தாண்டிப் போகாது. சொல்ல வேண்டியவங்களுக்கு நீங்கதான் சொல்லணும்." நான் தலையாட்டினேன். "நீங்க உறை போடுறீங்கதானே, நீங்களே மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவங்க" என்றார், கேள்வியாக இல்லை, ஆனால் என் பதிலுக்குக் காத்திருந்தார். ஒரு ஆள்கிட்ட மட்டும் என்றேன். அவர் சீட்டில் எழுதினார். பிறகு சொன்னார், "எல்லாரும் அந்த ஒரு ஆள்கிட்டத்தான் மாட்டிக்கிறீங்க." ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து மேலூர்க்காரருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாள் செய்தேன், எடுக்கவில்லை. கடையில் கூட்டமாக இருக்கும், உரம் வந்து இறங்கியிருக்கும், மனைவி பக்கத்தில் இருப்பாள் என்று நானே அவருக்காகக் காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் ஜெஸிந்தாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். ஜெஸிந்தாவின் எண்ணை அவருக்குக் கொடுத்ததே நான்தான், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று. அவள் எண்ணை அவர் போனில் என் விரலால்தான் அடித்துக் கொடுத்தேன்.

அதனால் எனக்குத் தெரியும். அவருக்கு அந்த நோய் இருக்கிறது, இருந்தாக வேண்டும், வேறு யாரோடும் நான் உறை இல்லாமல் இருந்ததில்லை. ஜெஸிந்தா இப்போது அவரோடு இருக்கிறாள். அவள் கெட்டிக்காரி, உறை போடாமல் விட மாட்டாள், அதனால் ஒன்றும் ஆகாது என்று பேருந்தில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அது சரியில்லை, இந்த நோயில் புண் உறை மூடாத இடத்தில் இருந்தால் அப்போதும் ஒட்டும், உறை போட்டாலும் பயம் முழுதாகப் போகாது, இதையும் கட்டையை வைத்துக்கொண்டு நான்தான் சொல்லித் தருகிறேன். அப்படியானால் சொல்லியிருக்க வேண்டும். காலையில் சொல்லியிருக்க வேண்டும். அவள் பேருந்தைவிட்டு இறங்கியதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அக்கா ஒரு ஊக்கு குடு என்று கேட்டாள், என் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன், அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். எனக்கு வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். உனக்கு எப்படி வந்தது என்று கேட்பாள். அங்கேதான் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் வண்டி அந்த இடம்வரை வந்து அங்கேயே நிற்கிறது. வெட்கம் என்று வைத்துக்கொள்ளலாம், வெட்கம் என்றால் கௌரவமாக இருக்கிறது. வெட்கம் இல்லை. எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும், அவள் அவரோடு உறை போட்டுக்கொள்கிறாளா இல்லையா. போட்டுக்கொண்டால் அவளுக்கு அவர் இன்னொரு ஆள், அவ்வளவுதான், அவள் பிழைத்துக்கொள்வாள், முட்டாள் நான் ஒருத்தி மட்டும். போட்டுக்கொள்ளவில்லை என்றால் அவளும் நான் கொடுத்ததையே அவருக்குக் கொடுக்கிறாள், எனக்கு வந்தது அவளுக்கும் வரும். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்? என் மகள் போல வளர்ந்த பெண் என்று சொல்ல முடியாது, அவ்வளவு வயது வித்தியாசம் இல்லை. ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டவள். அவளுக்கு வர வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரு நொடிதான். அதற்குப் பிறகு நினைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜன்னல் திரை அசைந்தது. மேலே போனவள் அறைக்குள் நுழைந்ததும் சாலைப் பக்க அறையாக இருந்தால் திரையை ஒரு முறை இழுத்துவிட வேண்டும், பின்பக்க அறையாக இருந்தால் ஒரு மிஸ்டு கால், எந்த அறை என்று கீழே இருப்பவளுக்குத் தெரிந்துவிடும். சாலைப் பக்கம். நான் போனபோதெல்லாம் பின்பக்கம்தான். பின்பக்க அறையில் ஒரு மின்விசிறி, அது சுற்றும்போது கொசுவை விரட்டுவதுபோல ஒரு சத்தம், ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர். சித்திரை வெயிலில் முதுகு பாயோடு ஒட்டிக்கொள்ளும். ஏசி எனக்கு ஆகாது, சளி பிடிக்கும் என்று அவர் சொல்வார், எனக்கும் ஆகாது என்று நானும் சொல்லியிருக்கிறேன், பொய். சாலைப் பக்க அறைகள் எல்லாம் ஏசி அறை. பின்பக்கம் எல்லாம் ஆள் இருந்திருக்கலாம். இன்றைக்கு வைகாசி முகூர்த்தம், ஊரில் எந்த லாட்ஜில் இடம் இருக்கிறது. ஏசி அறை என்றால் ஏசி போட வேண்டும் என்று சட்டமா, ஏசி போடாமல் மின்விசிறி மட்டும் போட்டுக்கொண்டால் வாடகை குறைவு. அவர் கணக்குப் பார்க்கிற ஆள்தான். அவள் இப்போது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள், காலை ஆட்டிக்கொண்டு, அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு, நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஆட்டுவாள். அவர் என்ன பேசுவார்? என்னிடம் யூரியாவைப் பற்றிப் பேசுவார், தண்ணீர் வராத கண்மாயைப் பற்றி, மூத்த மகன் படிக்காமல் சுற்றுவதைப் பற்றி. அவளிடம் அதையெல்லாம் பேசினால் கொட்டாவி விடுவாள். அவள் கொட்டாவி விட வேண்டும். ஆனால் ஒருவேளை அவர் அவளிடம் வேறு ஏதாவது பேசுகிறாரோ, சிரிக்கிற பேச்சு. என்னோடு இருக்கும்போது அவர் சத்தமாகச் சிரித்ததில்லை, அவருக்குச் சத்தமாகச் சிரிக்கத் தெரியாது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

கையில் போன் இருக்கிறது. எங்கள் ஏற்பாட்டில் இதுதான் முக்கியம். கீழே இருப்பவள் போனில் விடாமல் நீளமாக மணி அடித்தால், மேலே இருப்பவள் எந்த நிலையில் இருந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும். போனை எடுக்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது, இறங்கி வந்து முதலில் வருகிற பேருந்தில் ஏறிய பிறகுதான் பேச்சு. ஒரு முறை ஜெஸிந்தா எனக்காக அப்படி அடித்தாள், நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வழியாக வெளியே வந்தபோது முன்வாசலில் போலீஸ் வண்டி நின்றது. மறுநாள் பேப்பரில் அங்கே பிடிபட்ட பெண்களின் முகம் வந்தது, பெயரும் ஊரும் வந்தது. என் முகம் வரவில்லை. என் பெரியவன் அந்தப் பேப்பரில்தான் புத்தகத்துக்கு அட்டை போட்டான். அதனால் இந்த மணியை வைத்து விளையாடக் கூடாது. எங்களோடு இருந்த தனபாக்கியம் விளையாடினாள், பசிக்கிறது சாப்பிடப் போகலாம் என்று மேலே இருந்தவளை அடித்து இறக்கினாள். அதற்குப் பிறகு அவளுக்காகக் கீழே உட்கார யாரும் வரவில்லை, அவளும் யாருக்காகவும் உட்கார முடியவில்லை. தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். போன மழைக்காலத்தில் அழகர்கோவில் சாலையில் பல் உடைந்து கிடந்த அவளை யாரோ கண்டெடுத்தார்கள், யாரோடு போனாள் என்று சொல்ல ஆள் இல்லை. நான் இப்போது அடித்தால் அது பொய் மணியா? நோய் இருக்கிறது, அது உண்மை. அவளை அந்த அறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், அதுவும் உண்மை. அப்படியானால் அடிக்கலாம். ஆனால் நோய் காலையிலும் இருந்ததே, அப்போது ஊக்கு கொடுத்தாயே. இப்போது அடித்தால் எதற்காக அடிக்கிறாய்? கட்டைவிரல் பொத்தானின் மேல் இருக்கிறது, வியர்த்திருக்கிறது. நோய்க்காக அடிப்பதாக இருந்தால் அடி. வேறு எதற்காகவும் என்றால் கையை எடு. நான் கையை எடுக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருக்கிறார், "அவுக சின்ன வயசுல பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடி ஏறுவாக, நின்ன பஸ்ல ஏறினதே கெடையாது." நான் ம் என்கிறேன். நோய்க்காக என்றால் அடி. ம் என்கிறேன்.

டப் என்று ஒரு சத்தம். லாட்ஜின் கீழே இருக்கிற பழச்சாறுக் கடையின் தகரக் கூரை. மறுபடியும் டப். கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்து, "போட்டாய்ங்கடா ஏசிய" என்று ஒரு வாளியை எடுத்துக் கூரைக்குக் கீழே நகர்த்துகிறார். சாலைப் பக்கம், முதல் மாடி, திரை அசைந்த ஜன்னல், அதன் கீழே இருக்கிற குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. முதலில் மெதுவாக. பிறகு நன்றாக. ஏசி ஆகாதவர். சளி பிடிக்கிறவர். மூன்று வருடம் என் முதுகு பாயோடு ஒட்டியது.

அடித்தேன். விடாமல் அடித்தேன். அது நின்றதும் திரும்ப அடித்தேன். அந்த அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு, "என்ன ஆத்தா, டாக்டரு கூப்பிடுறாகளா?" என்றார். ஆமாம் என்று எழுந்தேன். பிளாஸ்க்கை எடுக்க மறந்து, திரும்ப வந்து எடுத்தேன். அதற்குள் ஜெஸிந்தா லாட்ஜ் வாசலில் தெரிந்தாள். ஓடவில்லை, ஓடக் கூடாது என்பதும் சொல்லிக் கொடுத்ததுதான். தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது, முகம் வெளுத்திருந்தது, கையில் பை இருந்தது. என்னைப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போய், அப்போது வந்து நின்ற டவுன் பஸ்ஸில் ஏறினாள். நான் பின்பக்கமாக ஏறினேன். எந்தப் பேருந்து என்றுகூட அவள் பார்க்கவில்லை. நான் அடித்தேன், அவள் வந்தாள், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையைப் பார்த்தபோது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நிறுத்தம் தாண்டி ஒரு இருக்கை காலியானது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யார் வந்ததுக்கா? போலீஸா?"

"யாரும் வரல."

"பின்ன?"

ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது என்று சொல்ல முடியுமா. நல்ல காரணம் ஒன்று தயாராக இருந்தது, ஒரு வாரமாக என்னிடமே இருந்தது, அதை எடுத்துக் கொடுத்தேன். "மேலூர்க்காரருக்கு நோய் இருக்குடி. சிபிலிஸ்."

"யாரு சொன்னா?"

"எனக்கு வந்திருக்கு. ஊசி போட்டாச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயா? கட்டைய வச்சுக்கிட்டு எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற நீயா?"

"மெதுவாப் பேசு."

"எப்பத் தெரியும்?"

"போன வாரம்."

"போன வாரம்." அவள் கண்டக்டரிடம் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னாள். "காலையில ஊக்கு குடுத்தப்பத் தெரியும்."

"தெரியும்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன், அல்லது இறங்கிப் போய்விடுவாள் என்று. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முன் இருக்கையில் ஒரு குழந்தை பொரி தின்றுகொண்டிருந்தது, அதைப் பார்த்தாள். "பரவால்ல. இன்னைக்கு ஒண்ணும் நடக்கல. ஏசியப் போட்டுட்டு உக்காந்தேன், அதுக்குள்ள நீ அடிச்சிட்ட."

"நீயா போட்ட?"

"அவருக்கு ஆகாதாம். எனக்குப் புழுங்குச்சு, கேட்டேன். உனக்காகப் போட்டுக்கம்மான்னாரு."

கேட்டால் போட்டிருப்பார். நான் கேட்கவில்லை. எனக்கும் ஆகாது என்றுதான் சொன்னேன். இதை யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்ன இன்னொரு வார்த்தை உள்ளே போய் எதிலோ மாட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கு. "முன்னாடி?" என்றேன்.

பேருந்து பாலத்தில் ஏறியது, வைகையில் தண்ணீர் இல்லை, யாரோ கழுதைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி. ரெண்டு மூணு தடவ."

"நான் கீழ உக்காரலியே."

"யாரையும் உக்கார வைக்கல. நல்ல மனுசன்தானே, தெரிஞ்சவருதானேன்னு நெனச்சேன். உன்னைய எப்படிக் கூப்பிடுறது? உன் முகத்தப் பாத்துக்கிட்டு எப்படிக்கா மேல ஏறுறது?"

"இன்னைக்கு மட்டும் எப்படி ஏறின?"

"நீதான் எனக்கென்னன்னு சொன்னியே. ரெண்டு தடவ சொன்ன."

உறையைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என்னிடமே கற்றுக்கொண்டவள், அதே இடத்தில், அதே ஆளிடம், அதே மாதிரி எடுத்துப் பைக்குள் திரும்பப் போட்டிருக்கிறாள். அவளுக்கு வந்திருக்கலாம். அவளுக்கு வந்திருக்கலாம் என்பதைத்தான் நான் முதலில் நினைத்திருக்க வேண்டும். நான் முதலில் நினைத்தது, திருவிழாவுக்கு முன்னால் என்றால் எந்த வாரம், அந்த வாரம் அவர் என்னிடம் கடையில் வேலை என்று சொன்னாரே, அந்த வாரமா. அதற்குப் பிறகுதான் அவளைப் பற்றிய நினைப்பு வந்தது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை, பேருந்து பாலத்தைவிட்டு இறங்கியிருந்தது. "பெரியாஸ்பத்திரியில எறங்குவோம், மூடுறதுக்குள்ள போயிருவோம்" என்றேன். தலையாட்டினாள்.

"அவருக்குச் சொன்னியா?"

"போன எடுக்கல."

"என் போன எடுப்பாரு" என்றாள். அவள் அதைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். அவள் அடித்தாள், ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை, அவர் எடுத்துவிட்டார். "என்னம்மா, சொல்லாமக் கொள்ளாம ஓடிட்ட, பயந்தே போயிட்டேன்." பக்கத்திலிருந்த எனக்கே கேட்டது. பயந்தே போயிட்டேன். அவர் பயந்த குரலை நான் கேட்டதில்லை. ஜெஸிந்தா போனை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்தான் பேசுகிறேன் என்றேன். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறார், ஏசியை நிறுத்தவில்லை. கூட்டத்தில் சொல்லித் தருகிற குரலில் சொன்னேன். இந்த நோய், இப்படிப் பரவும், பரிசோதனை இலவசம், பெயரை யாருக்கும் சொல்ல மாட்டார்கள், ஊசியோடு முடிந்துவிடும், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தக் குரல் எனக்கு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார், அவர் எப்போதும் நன்றாகக் கேட்டுக்கொள்வார். முடித்ததும் கேட்டார், "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"பக்கத்துலதான் இருக்கா. நானே கூட்டிட்டுப் போறேன்."

"நல்லாப் பாத்துக்க அந்தப் பிள்ளைய" என்றார். நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். இன்னொரு கேள்வி வரும் என்று இல்லை, ஆனால் வைத்திருந்தேன். கண்டக்டர் ஆஸ்பத்திரி எல்லாம் இறங்கு என்று கத்தினார்.

மேடத்தின் அறைக்கு வெளியே பெஞ்சில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஜெஸிந்தா காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இரத்தம் எடுத்து, பார்த்து, இருந்தால் இன்றைக்கே போட்டுவிடுவார்கள் என்று சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் என் பக்கம் சாய்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மெதுவாகக் கேட்டாள், "ஊசி வலிக்குமாக்கா?"

எறும்பு கடிக்கிற மாதிரி என்று சொல்லலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நானே புதிதாக வருகிறவர்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

"வலிக்கும்" என்றேன்.

"ரொம்பவா?"

"ரொம்ப. ரெண்டு நாளைக்கு ஒருக்களிச்சுத்தான் படுக்கணும்."

ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை, அத்தனையும் உண்மை. ஆனாலும் சொல்லும்போது நாக்கில் ஏதோ இனித்தது. அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள், வளையல் அழுந்தியது. உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவளோடு நானும் எழுந்தேன்.